தாத்தாவின் பெயரைச் சொல்லலாமா?

பிள்ளையின் பிள்ளையைப் பேரன் என்கிறோம். 'பெயரன்' என்பதுதான் பேச்சில் குறுகிப் பேரன் ஆயிற்று. தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் என்பது பொருள். பெயர்த்தி பேத்தியானதும் அப்படித்தான். பெயர் வைப்பதை வைத்தே ஓர் உறவுக்குச் சொல் கண்ட மொழி நம்முடையது. நற்றிணையின் நாற்பதாம் பாட்டில், பரத்தையிடம் போயிருந்த தலைவன் தனக்கு மகன் பிறந்ததால் நள்ளிரவில் திருடனைப் போல வீடு திரும்புகிறான். அந்தக் குழந்தையை அந்தப் பாட்டே 'பெயரன்' என்றுதான் சொல்கிறது. தலைச்சன் பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்ததற்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்ற வழக்கம் இன்றும் பல வீடுகளில் பேசி முடிவெடுக்க வேண்டாத சங்கதி.

இதே பழக்கம் ஒரு சீன வீட்டில் அவமரியாதை. அங்கே மூத்தோர் பெயரைப் பிள்ளைக்கு இடக் கூடாது. இட்டால், பேரனை அதட்டும்போதெல்லாம் தாத்தாவை அதட்டியதாகிவிடும். இந்த விலக்குக்கு மாண்டரினில் பி-ஹுவே என்று பெயர். அரசன் பெயரில் உள்ள எழுத்தைக் குடிமக்கள் எழுதக் கூடாது என்ற அளவுக்கு அது ஒரு காலத்தில் போயிருக்கிறது. தாங் வமிசத்துப் பேரரசர் லி ஷிமின் 649இல் இறந்தபின், அவர் பெயரில் 'மின்' வருகிறது என்பதற்காக, 'மின்' என்ற எழுத்தோடு இருந்த ஓர் அமைச்சகத்தின் பெயரையே மாற்றினார்கள். அரண்மனையில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் இதுவே முறை. 'சிவப்பு மாளிகைக் கனவு' என்ற பதினெட்டாம் நூற்றாண்டு நாவலின் நாயகி லின் தாய்யூவின் அம்மா பெயரும் மின்தான், எழுத்து மட்டும் வேறு. அந்த எழுத்து வரும் இடத்திலெல்லாம் அந்தப் பெண் 'மி' என்று மாற்றி வாசிப்பாள். எழுதும்போது ஒன்றிரண்டு கோடுகளை வேண்டுமென்றே விட்டுவிடுவாள்.

சிங்கப்பூரிலோ பினாங்கிலோ ஒரு தமிழ்-சீன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பேரன் பிறந்த சேதி கேட்டுத் தமிழ்த் தாத்தா காத்திருக்கிறார்: தன் பெயர் வரும். சீனத் தாத்தாவும் காத்திருக்கிறார்: தன் பெயர் வராது. இரண்டு பேரும் எதிர்பார்ப்பது மரியாதையைத்தான்.

கலப்புத் திருமணத்தில் பிறந்த குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஓசையில்தான் தொடங்குகிறார்கள். இரண்டு பக்கத்துப் பாட்டிமாருக்கும் நாக்கில் நிற்கிற பெயர் எது என்பதே கேள்வியாக இருக்கிறது. என் பார்வையில் ஓசை இரண்டாம் பட்சம். அங்கே மோதுவது இரண்டு நினைவு முறைகள். ஒரு குடும்பம் தன் இறந்தகாலத்தைப் பெயரின் எந்த இடத்தில் வைத்துக் காப்பாற்றுகிறது என்று பார்க்காமல் பெயர் தேடினால், எவ்வளவு அழகான பெயரும் யாரோ ஒருவரைத் துடைத்துவிட்டுத்தான் உட்காரும்.

சீன முறையில் நினைவு முன்னால் நிற்கிறது. குடும்பப் பெயர் முதலில், பிள்ளையின் சொந்தப் பெயர் பின்னால். சொந்தப் பெயர் பெரும்பாலும் இரண்டு எழுத்து. பழைய குடும்பங்களில் அவற்றில் ஒன்று தலைமுறை எழுத்து. அண்ணன் தம்பிகளுக்கும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளுக்கும் அதுவே பொது. எந்தத் தலைமுறைக்கு எந்த எழுத்து என்று முன்னோரே ஒரு செய்யுளாக எழுதி வைத்திருப்பார்கள். கன்பூசியஸின் கோங் குடும்பத்தில் இன்றும் ஒருவர் பெயரைக் கேட்டாலே அவர் எந்தத் தலைமுறை என்று சொல்லிவிடலாம். அங்கே பெயர் திரும்பி வர வேண்டிய தேவையே இல்லை. குடும்பப் பெயர் ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது.

நம்மிடம் அந்த ஆறு கிடையாது. சாதிப் பட்டத்தை நீக்கிவிட்டால், தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் தலைப்பெழுத்து. பிரிட்டிஷ் மலாயாவின் குமாஸ்தாக்கள் இதைச் 'சன் ஆஃப்', 'டாட்டர் ஆஃப்' என்று எழுதினார்கள். சிங்கப்பூரில் அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. மலேசியாவில் அதுவே மலாயில் 'அனாக் லெலாகி', 'அனாக் பெரெம்புவான்' ஆகி, அடையாள அட்டையில் இரண்டெழுத்துச் சுருக்கமாக நிற்கிறது. முருகேசன் மகள் யாழினி. யாழினிக்குப் பிள்ளை பிறந்தால் அந்தப் பெயரில் யாழினியின் கணவன் வருவான், முருகேசன் வரமாட்டார். தமிழ்ப் பெயரின் நினைவுக்கு ஆயுள் ஒரு தலைமுறைதான். அது பிழைத்திருக்க ஒரே வழி, ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்து மறுபடி வருவது. பேரன் என்ற சொல் இருப்பது அதற்காகத்தான்.

சொல்லக் கூடாத பெயர் என்ற எண்ணம் நமக்கும் புதிதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்லாத பெண்கள் நம் பாட்டிமார். தன் பிள்ளைக்கே மாமனார் பெயரை வைத்துவிட்ட பிறகு அந்தப் பெண் அவனை எப்படிக் கூப்பிடுவாள்? 'பெரியவனே', 'ராசா', 'சாமி' என்று கூப்பிட்டாள். ஏட்டில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் என்ற இரட்டை ஏற்பாடு இந்த இக்கட்டில் கைகொடுத்தது. சீனர்கள் பெயரை வைக்காமல் மரியாதை செய்தார்கள். நாம் பெயரை வைத்துவிட்டுச் சொல்லாமல் மரியாதை செய்தோம். அச்சம் ஒன்றுதான். யூதர்களிடையேயும் இந்தப் பிளவு உண்டு: கிழக்கு ஐரோப்பிய அஷ்கெனாசி வழக்கில் உயிரோடிருக்கும் தாத்தா பெயரை வைக்க மாட்டார்கள், மத்தியதரைக் கடற்பக்கத்து செஃபார்டி வழக்கில் அதுவே அவருக்குச் செய்யும் சிறப்பு. ஒரே மதம்தான், ஆனால் கலந்து மணந்தால் அங்கேயும் இதே தகராறு.

இப்போது அந்தத் தமிழ்-சீன வீட்டின் பிறப்புப் பதிவுப் படிவத்துக்கு வருவோம். அப்பா யார் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது.

அப்பா சீனர், அம்மா தமிழர் என்றால், டான் என்றோ லிம் என்றோ குடும்பப் பெயர் தானாக வந்து முன்னால் உட்கார்ந்துகொள்ளும். தமிழ் அம்மாவிடம் பிள்ளைக்குக் கொடுக்கக் குடும்பப் பெயர் இல்லை. அவள் பெயருக்குப் பின்னால் இருப்பது அவளுடைய அப்பா. ஆகவே அந்தக் குழந்தையிடம் தமிழ் தங்குவதற்கு இருக்கிற ஒரே இடம் அதன் சொந்தப் பெயர். அதையும் ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. அப்பா தமிழர், அம்மா சீனர் என்றால் நிலைமை தலைகீழ். அப்பாவின் பெயர் பின்னால் நின்று தமிழைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. காலியாக இருக்கிற சொந்தப் பெயரில் சீனம் வர இடமுண்டு. நடப்பதோ வேறு. தமிழ் அப்பாக்கள் பிள்ளைக்கும் தமிழ்ப் பெயரே வைக்க, அம்மாவின் வம்சம் படிவத்தில் ஒரு கோடாகக்கூட மிஞ்சாமல் போகிறது. இதை நான் பெருமையாக நினைக்கவில்லை.

ஆனால் தமிழ் அப்பாவுக்கும் ஒரு வாதம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. என் பெயர் என் பேரப்பிள்ளைகளிடம் வராது, அது ஒரு தலைமுறைச் சரக்கு; டான் குடும்பத்துப் பெயரோ மாமனார் வீட்டு ஆண்கள் வழியாக எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும்; சொந்தப் பெயரையும் நான் விட்டுக்கொடுத்தால் எனக்கு எது மிச்சம் என்பார் அவர். ஆற்றையும் ஊற்றையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது என்பது உண்மைதான். எனக்குத் தெரிந்தவரை, இதற்குப் பாதிப் பாதி என்ற தீர்வு கிடையாது.

அரசாங்கம் பாதிப் பாதிக்கு முயன்று பார்த்தது. சிங்கப்பூரில் பிள்ளையின் இனம் அப்பாவின் இனம் என்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2011 ஜனவரியிலிருந்து இந்தியர்-சீனர், சீனர்-இந்தியர் என்று இரண்டையும் இணைத்துப் பதியலாம். நல்ல மாற்றம்தான், ஆனால் நடுவில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் சமமாகிவிடுவதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளில் ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தார் எத்தனை பேர் என்று வரம்பு கட்டும் 1989ஆம் ஆண்டுக் கொள்கை, கோட்டுக்கு முன்னால் இருக்கும் இனத்தை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எது முன்னால், எது பின்னால் என்ற பழைய கேள்வி மறுபடி வந்து நிற்கிறது.

வலுவுள்ள வீட்டின் பக்கம் பெயர் சாய்வது இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. முதலாம் ராஜராஜனின் மகள் குந்தவையை வேங்கிச் சாளுக்கிய இளவரசன் விமலாதித்தன் மணந்தான். பிறந்த பிள்ளைக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர்: ராஜராஜன். நரேந்திரன் என்ற சேர்க்கையோடு வரலாறு அவனை அறியும். அவன் ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்களுக்குப் பிறந்தவனுக்கும் தாய்வழித் தாத்தா பெயரே: ராஜேந்திரன். 1070இல் சோழ அரியணை ஏறி முதலாம் குலோத்துங்கன் ஆனவன் இவன்தான். இரண்டு தலைமுறையாகச் சாளுக்கிய வீட்டுத் தொட்டிலில் சோழப் பெயர். விமலாதித்தனுக்கு இன்னொரு அரசி பெற்ற மகனுக்கோ விஜயாதித்தன் என்று பெயர். அது சாளுக்கியர் தலைமுறை தலைமுறையாக வைத்துவந்த குலப்பெயர். வேங்கி அரியணைக்காக ராஜராஜ நரேந்திரனும் இந்த விஜயாதித்தனும் நெடுநாள் சண்டை போட்டார்கள். யார் எந்தப் பக்கத்து ஆள் என்று பெயர் சூட்டிய அன்றே எழுதிவைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கடல் தாண்டிய தமிழர்களிடம் இந்த இடப் பங்கீடு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பிரெஞ்சுச் சட்டம் 1803 முதல் பிள்ளைக்கு எந்தப் பெயர் வைக்கலாம் என்று வரம்பு கட்டியது: நாள்காட்டிப் புனிதர்களின் பெயர்கள் அல்லது பழைய சரித்திரப் பெயர்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்தக் கட்டை முழுதாக அவிழ்த்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன் தீவுக்குப் போன தமிழர்களின் வம்சத்தில் இதனால் ஒரு தனி வகைப் பெயர் உருவாயிற்று: முன்னால் பிரெஞ்சுப் புனிதர், பின்னால் தமிழ் மூதாதை. அந்தத் தீவின் அரசியல்வாதி ழான்-போல் விராபுலேயின் பெயரில் உள்ள விராபுலே, நம் வீரப்பிள்ளை. ஆவணத்தில் பிரெஞ்சுப் பெயர் இருக்க, கோயிலில் தமிழ்ப் பெயர் ஒன்றும் தனியே வைத்துக்கொண்டார்கள். ஏட்டில் ஒன்று, வாயில் ஒன்று என்ற பாட்டியின் பழைய ஏற்பாடுதான்.

புதுச்சேரியில் இதற்கு நேர் எதிராக நடந்தது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்த தமிழர்கள், அதோடு ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களுக்கு முன்னணியில் நின்ற பொன்னுத்தம்பிப் பிள்ளை எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த், பிரெஞ்சில் 'கதவு'. ரீயூனியனில் பின்னால் தமிழ் நின்றது. இங்கே பின்னால் பிரெஞ்சு வந்து நின்றது. குடும்பப் பெயர் என்ற அந்தக் கடைசி இடம்தான் பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் என்பதால், ரீயூனியன்காரர்கள் அறியாமலே நல்ல பேரம் பேசியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. சிங்கப்பூரில் எதிர்க்கட்சித் தலைவர்களுள் ஒருவராக இருந்த ஜே.பி. ஜெயரத்தினத்தின் மனைவி ஆங்கிலேயர். பிள்ளைகள் கென்னத், பிலிப். இருவருக்கும் பின்னால் ஜெயரத்தினம் உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது. இதுவும் ரீயூனியன் வழிதான்.

மொழி போன பிறகும் பெயர் நிற்கும் என்பதற்கு மலாக்காவின் காஜா பெராங் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். சுல்தான்கள் காலத்தில் வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். கும்பிடுவது 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலில். பெயர்களில் இன்னும் பிள்ளையும் செட்டியும் படையாட்சியும் இருக்கின்றன. பெயரின் வேலைக்கு வேறொரு சாட்சியும் அந்த நாட்டிலேயே உண்டு. வறுமையாலும் ஆண் பிள்ளை மோகத்தாலும் சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பெண் குழந்தைகளை மலாயாத் தமிழர்கள் எடுத்து வளர்த்தார்கள். தமிழ்ப் பெயரும் தமிழ்ப் பேச்சுமாக வளர்ந்து, புடவை கட்டித் தமிழ் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் அவர்கள். பெயர் பிறப்பை மட்டும் குறிப்பதில்லை, வளர்ப்பையும் குறிக்கும் என்று அந்த வீடுகளில் யாரும் வாதம் செய்யவில்லை. குழந்தையைக் கூப்பிட்டார்கள், அது வந்தது.

இனி, எல்லோரும் தேடுகிற அந்த 'இரண்டு பக்கமும் பொருந்துகிற' பெயர்கள். மாயா, தாரா, லீலா, மீரா, அனிதா, மீனா, லீனா. இவை ஊர் ஊராகப் பொருந்துவது ஓசையின் தற்செயலால். ஸ்பானியக்காரருக்கு அனிதா தெரியும், அயர்லாந்துக்காரருக்குத் தாரா தெரியும், சீனர்கள் லீனாவைத் தங்கள் எழுத்திலேயே எழுதிவிடுவார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, இரண்டைத் தவிர. இந்தப் பட்டியலில் தமிழ்ப் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும், பெரும்பாலானவை வடமொழி. அடுத்தது, யாருக்கும் சிரமம் தராத பெயர் பல சமயம் யாரையும் நினைவூட்டாத பெயராக இருக்கிறது. கமலா ஹாரிஸின் அம்மா சியாமளா கோபாலன் இந்த வசதியைத் தேடவில்லை. 1964இல் ஓக்லாந்தில் பிறந்த மகளுக்கு, ஜமைக்காக்காரரான அப்பாவின் ஹாரிஸ் கடைசியில் இருக்க, அம்மா வீட்டுக்குக் கிடைத்த முன் இடங்களில் கமலா, தேவி என்று இரண்டு வைத்தார்கள். முதலில் பதிந்தபோது நடுவில் ஐயர் என்று இருந்தது. இரண்டு வாரத்தில் திருத்தி தேவி ஆக்கினார்கள். சாதி போய்ச் சாமி வந்தது. 2020 தேர்தல் மேடையில் ஒரு செனட்டர் அந்தப் பெயரை வேண்டுமென்றே கோணலாக்கிக் கேலி செய்தார். அப்போதும் மகள் பெயரைச் சுருக்கிக்கொள்ளவில்லை.

சிரமம் என்றதும் ழகரத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். யாழினி வேண்டாம், எழில் வேண்டாம், சீன ஆத்தாவுக்கு வராது என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பெய்ஜிங் மாண்டரினில் 'மனிதன்' என்ற சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. 'வாளைப்பளம்' சொல்கிற நம் பிள்ளைகளைவிட அவர்களுக்கு அது சீக்கிரம் வந்துவிடக்கூடும். வராது என்று முடிவுகட்டும் முன் ஆத்தாவைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

ஓசையின் தற்செயலைவிட உறுதியான பாலம், பயணப்பட்ட சொல். மல்லிகையை மாண்டரினில் மோலி என்பார்கள். அந்தச் சொல் 'மல்லிகா' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து அங்கே போனது என்பது அறிஞர்கள் பரவலாக ஏற்கும் கருத்து. நாம் தலையில் வைப்பதும் அவர்கள் தேயிலையில் சேர்ப்பதும் ஒரே குடும்பத்துப் பூ, ஒரே வேரிலிருந்து வந்த சொல். ஒரு பேத்திக்குத் தமிழ்ப் பாட்டி மல்லிகா என்றும் சீனப் பாட்டி மோலி என்றும் பெயரிட்டுக் கூப்பிட்டால், இரண்டு பேரும் ஒரே பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

கணக்குப் பார்க்கும் பழக்கத்திலும் இரண்டு வீடும் சம்பந்திகளே. அவர்கள் எழுத்தின் கோடுகளை எண்ணுகிறார்கள். ஜாதகத்தில் நீர் குறைந்தால் நீரைக் குறிக்கும் எழுத்தைப் பெயரில் சேர்க்கிறார்கள். நாம் அசுவினி என்றால் சு, சே, சோ என்று தேடுகிறோம். போதாததற்கு எண்கணிதக்காரர் ஆங்கில எழுத்தில் ஒரு 'ஏ'யைக் கூட்டச் சொல்வார். கூட்டிய அந்த 'ஏ'யைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒழுங்காக உச்சரித்துத் தொலைப்பார்.

தாத்தா தகராறுக்கு வழி இருக்கிறதா என்றால், ஓசையை விட்டுப் பொருளைப் பிடித்தால் இருக்கிறது. விலக்கு என்பது பெயரைச் சொல்வதற்குத்தான். அதன் பொருளை நினைப்பதற்கு யாரும் விலக்குப் போடவில்லை. தமிழ்த் தாத்தா கதிரவன் என்றால், பேரனின் சீனப் பெயரில் வெயிலைக் குறிக்கும் 'யாங்' என்ற எழுத்து வரலாம். யாரும் யாரையும் பெயர் சொல்லி அதட்டியதாகாது, தாத்தாவும் வந்துவிட்டார். மறுபக்கம் லிம் குடும்பம் என்றால், லிம் என்ற எழுத்தின் பொருள் மரங்கள் அடர்ந்த காடு. காட்டுக்கும் காடு சார்ந்த நிலத்துக்கும் தமிழில் ஒரு பூவின் பெயரே இருக்கிறது. அந்த வீட்டுப் பேத்திக்கு முல்லை என்று பெயர் வைத்தால், அது முழுக்கத் தமிழாகவும் முழுக்க லிம் வீட்டுச் சொத்தாகவும் இருக்கும். லிம் முல்லை என்று அடையாள அட்டையில் எழுதும்போது காடு இரண்டு தடவை வரும், இரண்டு மொழியில்.

இதையெல்லாம் யோசிக்க அவகாசம் இருக்கிறதா என்று கேட்கலாம். தமிழ் வீட்டில் தீட்டுக் கழித்துத் தொட்டிலில் இட்டுப் பெயர் சொல்வது சிலருக்குப் பதினோராம் நாள், சிலருக்குப் பதினாறாம் நாள், சிலருக்கு முப்பத்தொன்றாம் நாள். சீன வீட்டில் சிவப்பு முட்டை கொடுத்து முழுமாத விருந்து வைப்பது முப்பது நாள் ஆனதும். சிங்கப்பூரில் பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு. இரண்டு விருந்தும் முடிந்து, இரண்டு தாத்தாக்களும் பேசித் தீர்த்த பிறகும், கையில் பதினொரு நாள் மிச்சமிருக்கும்.